கேட்காமல் விட்ட மலைகள்

லிந்துலை பஜாரில் ஒரு கொமினிகேஷன் கடையில் எட்டு வருடம் வேலை செய்தேன். போட்டோகொப்பி எடுப்பது, விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, கடிதம் தட்டச்சு செய்வது, போனுக்கு ரீலோட் போடுவது, இவைதான் என் வேலை. கடை ஒரு முஸ்லிம் குடும்பத்துடையது. முதலாளி முன்பக்கம் கொப்பியும் பேனையும் விற்பார். நான் பின்பக்கம் இரண்டு கம்பியூட்டர்களோடு உட்கார்ந்திருப்பேன்.

நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு நல்ல பெறுபேறு வந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு இருக்கவில்லை. தூரத்து விடுதியில் விட வீட்டில் மனமில்லை. கலைப்பிரிவில் சேர்ந்தேன், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை, கடைக்கு வந்தேன். இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. தேயிலை மலைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வதே எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

கொரோனாவுக்கு மூன்று நான்கு வருடம் முந்திய காலம் அது. ஒரு சனிக்கிழமை, ஓர் ஆசிரியர் தந்துவிட்டுப் போன புள்ளிப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் கல்குலேட்டரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் புள்ளிகளையும் கூட்டி, வந்த மொத்தத்தைக் கம்பியூட்டரில் அடித்தேன். பரீட்சைத் தாளொன்றைக் கொப்பி எடுக்க வந்திருந்த ஒரு பிள்ளை என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வயதிருக்கும். டவுனுக்கு மேலே இருக்கும் தோட்டத்துப் பிள்ளை.

"அக்கா, இந்தப் பொட்டிக்குக் கூட்டத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றேன். கம்பியூட்டரைச் சொன்னேனா, என்னைச் சொன்னேனா என்று எனக்கே விளங்கவில்லை. அத்தனை வருடமாக எக்செல்லில் கோடு போட்ட கட்டங்களைத்தான் நான் பார்த்திருந்தேன். அவள் போன பிறகு கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தேடினேன். கூட்டும் வழி ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

அடுத்த வாரம் அவள் வந்தபோது காட்டினேன். ஒரு பிள்ளையின் புள்ளியை அவளே மாற்றிப் பார்த்தாள். மொத்தம் தானாக மாறியது. இன்னொன்றை மாற்றினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப இதுகிட்ட வேற என்னெல்லாம் கேக்கலாம்?" என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. அவள் தன்னோடு மூன்று பிள்ளைகளைக் கூட்டி வந்தாள். ஞாயிறு பின்னேரம் பஜாரில் கூட்டம் குறைந்த பிறகு இரண்டு கம்பியூட்டரையும் அவர்களுக்கு விட்டுத் தர முதலாளி சம்மதித்தார். எனக்கு முன்கூட்டியே தெரிந்தது எதுவுமில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பாடங்களைப் பார்த்து அவர்களோடு சேர்ந்துதான் நானும் படித்தேன். ஒன்றுக்கும் நூறுக்கும் இடையில் நாம் நினைத்த எண்ணைக் கம்பியூட்டர் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன விளையாட்டை நான்கு வாரம் முயன்று எழுதினோம். எந்த எண்ணை நினைத்தாலும் ஏழு தடவைக்குள் கண்டுபிடித்துவிட்டது. ஏன் ஏழு என்று எனக்குப் புரியவில்லை. முதல் வந்த பிள்ளை பழைய விண்ணப்பத் தாளொன்றின் முதுகில் நூறைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, எழுதிக்கொண்டே போய் ஏழாவது வரியில் நிறுத்தி எனக்குக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணிதம் நடுத்தரமாகத்தான் வந்துகொண்டிருந்தது. தப்பு விட்டால் அடி விழாத ஓர் இடம் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

அவளுடைய அப்பா தேயிலை பெக்டரியில் வேலை செய்பவர். ஒரு ஞாயிறு நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, நீங்க நல்லதுக்குத்தான் செய்றீங்க. இல்லேங்கல. ஆனா பொம்பளப் புள்ளைக பஜார்ல ஒரு கடைக்குப் பின்னால அந்திவரைக்கும் ஒக்காந்திருந்தா, நாலு பேரு என்னா பேசுவாங்க? படிக்கிறதுக்குத்தான் ஸ்கூல் இருக்கே?"

முதலாளியின் மனைவிதான் உள்ளேயிருந்து வந்து பேசினார். "நான் இனி ஞாயித்துக்கெழமயில இங்கயே இருக்கன். ஏன்ட மகளையும் இவங்களோட ஒக்கார வைக்கிறன். ஒங்கட புள்ள வேற, ஏன்ட புள்ள வேறயா?"

அவர் கடைச் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். "அஞ்சு மணி பஸ்ஸுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளியின் மகளோடு சேர்த்து ஐந்து பிள்ளைகள் ஆனார்கள்.

அந்த வருடம் காற்றுக் காலம் தொடங்கும் நேரத்தில், முதல் வந்த பிள்ளையின் அம்மாவைக் குளவி கொட்டியது. பதினோராம் நம்பர் தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஐந்து பேரைக் கொட்டியதாம். அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அடுத்த ஞாயிறு பிள்ளை வந்தாள். வழக்கமான பாடத்தைத் திறக்கவில்லை.

"அந்த எடத்துல இது மூணாவது தடவயாம் அக்கா. அம்மா சொன்னாங்க. மூணு தடவன்னா யாராச்சும் எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கணுமில்ல?"

"ஆபீஸ்ல எழுதியிருப்பாங்க."

"யாருக்கு அடிபட்டுச்சுன்னு எழுதியிருப்பாங்க. எந்த மலை, எத்தன மணி, கிட்ட என்னா மரம், இதெல்லாம் எழுதியிருப்பாங்களா?"

அன்றைக்கே பட்டியலைத் தொடங்கினார்கள். எந்த மலை, எந்த மாதம், எத்தனை மணி, வெயிலா மழையா, பக்கத்தில் மரமா பாறையா என்று ஐந்து பத்தி. பிள்ளைகள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் குழாயடியிலும் கோயிலிலும் பஸ்ஸிலும் பெண்களைக் கேட்டார்கள். யாருக்கும் தேதி நினைவில் இல்லை. "மாரியம்மன் திருவிழாவுக்கு மொத வாரம்", "எங்க சின்னவளுக்குப் பேரு வச்ச மாசம்" என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் அதையெல்லாம் விசாரித்து மாதமாக மாற்றினார்கள். தோட்டத்துப் பெண்களிடம் யாரும் வந்து, "ஒங்களுக்கு என்னா தெரியும்?" என்று இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. ஒருத்தி தன் கழுத்துத் தழும்பைக் காட்டி, எந்த மரத்தடியில் நடந்தது என்று மண்ணில் படம் கீறிக் காட்டினாளாம்.

மூன்று மாதத்தில் ஒரு வடிவம் தெரிந்தது. பதினோராம் நம்பர் மலையிலும் பதினான்காம் நம்பர் மலையிலும்தான் மறுபடி மறுபடி நடந்திருக்கிறது. பெரும்பாலும் காற்றுக் காலத்தில், தொடர்ந்து சில நாள் வெயில் அடித்த பிறகு, பகல் சாப்பாட்டுக்குப் பின். தோட்டத்து மலைகளை ஒரு தாளில் வரைந்து நிறம் பூசுவது என்று முடிவு செய்தார்கள். அடிக்கடி நடந்த இடத்துக்குச் சிவப்பு, எப்போதாவது நடந்த இடத்துக்கு மஞ்சள், நடக்காத இடத்துக்குப் பச்சை.

எங்கள் பக்கம் தோட்டத்தின் பிரிவுகளைக் கணக்கு என்போம். அந்தத் தோட்டத்துக்கு மேல் கணக்கு, கீழ் கணக்கு என்று இரண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் நால்வரும் மேல் கணக்குக்காரர்கள். கீழ் கணக்குக்கு ஒரு மணிநேரம் நடக்க வேண்டும், தனியே அனுப்ப வீட்டில் விடவில்லை. அங்கே யாரையும் கேட்கவில்லை.

"கீக்கணக்கு மலைக்கெல்லாம் என்னா கலர் போடறது அக்கா? நாம கேக்கவே இல்லியே" என்று முதல் வந்த பிள்ளை கேட்டாள்.

அப்போது கவுண்டரில் ஒருவர் அடையாள அட்டை விண்ணப்பத்தோடு நின்றார். நான் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: "ஒண்ணும் வரலன்னா பச்சையப் போடு."

தாளை அவளுடைய அம்மா தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரிடம், எங்கள் பேச்சில் கண்டாக்கு ஐயாவிடம், கொடுத்தார். அவர் பார்த்தார், "யாரு போட்டது?" என்று கேட்டார், மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அத்தோடு சரி. ஆனால் இன்னொரு பிரதியைப் பெண்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அடுத்த காற்றுக் காலம் வந்தபோது, வெயில் நாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்பு மலையில் நிற்க மாட்டோம் என்று கங்காணியிடம் சொன்னார்கள். அவரும் தாளைப் பார்த்து, பின்னேரத்தில் ஆட்களைப் பச்சை மலைக்கு மாற்றினார். சில வாரம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஜாருக்கு வந்த பெண்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "இதுகளா அந்தப் புள்ளைக?" என்று கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைக்கக் கூசுகிறது.

ஒரு புதன்கிழமை பகல் பதினோராம் நம்பர் மலையிலிருந்த பெண்களைக் கீழ் கணக்கின் மூன்றாம் நம்பர் மலைக்கு அனுப்பினார்கள். தாளில் அது பச்சை. அங்கே போய் ஒரு மணிநேரத்தில் குளவி கலைந்து வந்தது. மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடித் தப்பினார்கள். ஒரு பெண் ஓடும்போது மழைநீர் ஓடும் கானில் விழுந்துவிட்டார். தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேரும்போது உயிர் இல்லை. எங்கள் ஐந்து பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளின் கையில் எங்கள் எல்லோருக்குமாக ரொட்டி கொடுத்தனுப்புவார்.

மரண வீட்டில் நான் லயத்து வாசலோரமாக நின்றேன். கீழ் கணக்கிலிருந்து வந்திருந்த ஒரு பெண், மூன்றாம் நம்பர் மலையில் நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்தைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னது காதில் விழுந்தது. "அந்தக் கருப்பந்தேயில மரத்துல எப்பவுமே கூடு இருக்கும். எங்க ஆளுக அந்தப் பக்கம் பாத்துத்தான் போவோம். மேக்கணக்கு ஆளுகளுக்கு எப்படித் தெரியும்? எங்கள யாரும் ஒரு வார்த்த கேக்கலியே."

யார்மீதும் குற்றம் சொல்லி அவர் பேசவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அங்கே நிற்க முடியாமல் பாதையில் இறங்கினேன்.

மடுவத்துச் சுவரில் இருந்த தாளை முதல் வந்த பிள்ளை கிழித்துவிட்டாள் என்று அறிந்தேன். மூன்று ஞாயிறு அவள் வரவில்லை. நான்காவது ஞாயிறு நானே அவளுடைய வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாந்தான அக்கா பச்ச போட்டேன்."

"போடச் சொன்னது நான்."

"நீங்க ஆளு நிக்கிறாங்கன்னு அவசரத்துல சொன்னீங்க. எனக்கு அப்பவே சரியாப் படல. நடக்கலங்கிறதும் நமக்குத் தெரியாதுங்கிறதும் ஒண்ணு இல்லியே. திரும்ப ஒரு தடவ கேட்டிருக்கணும். கேக்கல."

பதினைந்து வயதுப் பிள்ளை அதைச் சொன்னாள். எனக்கு அன்றுவரை அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. அவளுடைய அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்தினேன். அந்தக் கோப்பை நான் திறக்கவில்லை, அழிக்கவும் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடப் பாடத்தோடு இருந்திருந்தால் நல்லது, தெரியாத ஒன்றைக் கையில் எடுக்க அவர்களை நான்தான் உசுப்பிவிட்டேன் என்று தோன்றியது. மலையில் நிற்கிற பெண்களின் உயிரோடு நிறப் பென்சிலால் விளையாடியிருக்கிறோம் என்றே ஓயாமல் நினைத்தேன்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் இறந்த பெண்ணின் மகள் கடைக்கு வந்தாள். அம்மாவின் மரணச் சான்றிதழைப் போட்டோகொப்பி எடுக்க வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். போகவில்லை.

"அக்கா, அந்தப் பட்டியல் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா."

"அதுல எங்கம்மா இல்லியே. எழுதணும்."

கோப்பைத் திறந்து, நாற்காலியிலிருந்து எழுந்து அவளை உட்கார வைத்தேன். அவளே அடித்தாள். கீழ் கணக்கு, மூன்றாம் நம்பர். மாதம். மணி. வெயில். கடைசிப் பத்தியில் நிறுத்தினாள்.

"கிட்ட என்னா இருந்துச்சுன்னு எனக்கு நேராத் தெரியாது. கருப்பந்தேயிலன்னு ஆளுக சொல்றாங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்து எழுதுறேன்."

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போனாள்.

அங்கிருந்து அவள் நேராக முதல் வந்த பிள்ளையின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஐந்து பேரும் கடைக்கு வந்தார்கள். கீழ் கணக்குக்குப் போக வேண்டும் என்றார்கள். முதலாளியின் மனைவியும் நானும் கிளம்பினோம். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, பெக்டரிக்காரர், முன்பு கடைக்கு வந்து கேள்வி கேட்ட அந்த அப்பா, கையில் தடியோடு பாதையில் நின்றார். "பாத மோசம். நானும் வாறேன்" என்றார்.

நடக்கும்போது இறந்த பெண்ணின் மகள் எனக்குப் பக்கத்தில் வந்தாள். அதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. பச்சை போடச் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொன்னேன்.

"தெரியும் அக்கா. அன்னைக்கு நானும் அங்கதான ஒக்காந்திருந்தேன். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தேன். பிறகு அவள், "அழாதீங்க அக்கா. முன்னால போறவங்க பாப்பாங்க" என்றாள்.

கீழ் கணக்கில் அன்று பகல் முழுதும் இருந்தோம். பெண்கள் சொல்லச் சொல்ல ஐந்து பேரும் எழுதினார்கள். பச்சை பூசியிருந்த ஐந்து மலைகளில் மூன்று சிவப்பாக மாறின. அந்த மரத்தையும் தூர நின்று பார்த்தோம். மகள் அதைக் கண் இமைக்காமல் பார்த்தாள். கொப்பியில் எழுதினாள். பிறகு தன் சால்வையை இழுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகத் திரும்பி நடந்தாள்.

புதிய தாளில் நான்காவதாக ஒரு நிறம் வந்தது: வெள்ளை. "இன்னும் கேட்கவில்லை" என்று அதன் கீழ் எழுதினார்கள். இந்தத் தடவை தாளைச் சட்டைப்பைக்குள் வைக்க விடக்கூடாது என்று ஐந்து பேரும் தங்கள் அம்மாமாரோடு ஆபீசுக்கே போய், தோட்ட முகாமையாளரான துரையைப் பார்த்தார்கள். அம்மா இல்லாதவளோடு நான் போனேன். துரை தாளை மேசையில் விரித்துப் பார்த்தார். காற்றுக் காலத்தில் ஆட்கள் மலைக்கு ஏறும் முன் மரங்களைப் பார்த்து வர ஒருவரை அனுப்பச் சொன்னார். சில மாதம் நடந்தது. பிறகு விட்டுப்போனது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் கேட்டு மறுபடி நடக்க வைத்தார்கள். குளவிக் கொட்டு நின்றுவிடவில்லை. குறைந்ததா என்று கேட்டால், சொல்லுமளவுக்கு இன்னும் வருடங்கள் போகவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்லக் கேட்பது எனக்கு நிம்மதி.

முதல் வந்த பிள்ளை ஹட்டனில் விடுதியில் தங்கி உயர்தரத்தில் கணிதம் படித்தாள். அவளைக் கொண்டுபோய்விட்டவர் அவளுடைய அப்பாதான். பொறியியலுக்குப் புள்ளி வரவில்லை. இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறாள். விடுமுறையில் வந்தால் ஞாயிறு பின்னேரம் வருவாள். முன்போல அதிகம் பேசமாட்டாள். சின்னப் பிள்ளைகள் அவசரமாக விடை சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பாள்.

இறந்த பெண்ணின் மகளால் விடுதிக்குப் போக முடியவில்லை. வீட்டில் இரண்டு தம்பிகளும் ஒரு தங்கையும் இருந்தார்கள். உயர்தரத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே முடித்துவிட்டு, தோட்டத்து முன்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பட்டியல் அவள் பொறுப்பில் இருக்கிறது. நான் கடையை விட்டுக் கொட்டகலைக்குத் திருமணமாகி வந்துவிட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி லிந்துலைக்குப் போகிறேன். இப்போது கடையில் இடம் போதாமல், கோயில் மண்டபத்தில் பழைய கம்பியூட்டர்கள் நான்கை வைத்து நடத்துகிறோம். பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள்.

போன மாதம் நான் போனபோது பிள்ளைகள் ஒரு விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள். இறந்த பெண்ணின் மகள் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மாதத்து வரி வெறுமையாக இருந்தது.

"இந்த மாசம் ஒண்ணும் நடக்கலியா?" என்றேன்.

"மேக்கணக்குல இல்ல. கீக்கணக்குல இன்னும் ஒரு லயம் கேக்கல அக்கா" என்றாள்.

வெளியே தூறத் தொடங்கியிருந்தது. பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு கீழ்ப் பாதையில் இறங்கினாள்.